துறைமுகத்துக் குமாஸ்தாவும் வியன்னா மருத்துவரும்

1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் ஒரு புதிய குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்தார். மூன்றாம் வகுப்பு, நான்காம் நிலை. மாதச் சம்பளம் 30 ரூபாய். வயது 24. கும்பகோணம் அரசுக் கல்லூரியிலும், பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேறாதவர். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குவார். மற்றப் பாடங்களைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார். விண்ணப்பத்தோடு மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் எழுதிக் கொடுத்த பரிந்துரை ஒன்று இருந்தது. பெயர் எஸ். ராமானுஜன்.

92 ஆண்டுகள் கழித்து, 2004இல், டப்ளினில் மனநல மருத்துவப் பேராசிரியராக இருந்த மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்ட் ஒரு நூல் வெளியிட்டார். ஆட்டிசத்துக்கும் படைப்பாற்றலுக்கும் உள்ள உறவை ஆராயும் அந்த நூலில் விட்கன்ஸ்டைன், யேட்ஸ், லூயிஸ் கரோல் ஆகியோரின் வரிசையில் ராமானுஜனும் இடம்பெற்றார். அவர்களிடம் ஆஸ்பெர்கர் குறைபாட்டின் அடையாளங்கள் தெரிகின்றன என்பது அவருடைய வாதம். தன் பிள்ளைக்கு இந்தப் பெயரை மருத்துவர் சொல்லக் கேட்ட எந்தப் பெற்றோருக்கும் அந்த வரிசை ஆறுதல் தரக்கூடியதுதான்.

இறந்துபோனவருக்கு நோய் கணிப்பது எவ்வளவு தூரம் சரி என்பதைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் வடசென்னையின் வரலாற்றில் அதைவிடக் கனமான செய்தி அந்தக் கணக்குப் பிரிவுக்குள் இருக்கிறது. எல்லோரையும் போல நடந்துகொள்ளாத ஒரு மனிதரை வேலையில் வைத்துக்கொண்டு, அவர் உடைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள, ராயபுரத்துக்குச் சற்றுத் தெற்கே கடற்கரையோரம் இருந்த ஓர் அலுவலகத்துக்குத் தெரிந்திருந்தது. ஆஸ்பெர்கர் என்ற மருத்துவருக்கு அப்போது ஆறு வயது.

ஆட்டிசத்தின் பல முகங்களில் ஒன்றுக்கு அந்தப் பெயர் பின்னாளில் வந்தது. பேச்சு நன்றாக இருக்கும், அறிவுக்கும் குறைவிருக்காது. ஆனால் பேச்சுக்குப் பின்னால் இருக்கும் பேச்சு பிடிபடாது. எதிரில் இருப்பவரின் முகக்குறிப்பு, குரல் மாற்றம், சாடையாகச் சொன்னது, கேலிக்குச் சொன்னது, இவை மற்றவர்களுக்கு யாரும் சொல்லித்தராமலே விளங்குவதுபோல இவர்களுக்கு விளங்குவதில்லை. ஒன்றில் மனம் விழுந்துவிட்டால் அதன் அடிவரை போய்விடுவார்கள். ரயில் நேர அட்டவணையோ, கப்பல் கொடிகளோ, எண்களோ, எதுவாகவும் இருக்கலாம். அன்றாட ஒழுங்கு திடீரென்று மாறினால் தாங்காது. சிலருக்குக் குக்கர் விசில் காதைக் கிழிக்கும். சட்டைக் காலரின் தையல் தோலை அறுக்கும். இது காய்ச்சல்போல வந்து போகும் நோயல்ல. பிறவியிலேயே மூளை அமைந்த விதம். ஆயுள் முழுக்கக் கூடவே வரும். பெண்கள் மற்றவர்களைப் பார்த்து நடிக்கக் கற்றுக்கொண்டு சமாளித்துவிடுவதால் அவர்களில் பலருக்கு நடுவயதில்தான் விஷயம் தெரியவருகிறது. அதுவரை தனக்குத்தான் ஏதோ கோளாறு என்ற நினைப்போடு வாழ்ந்து, மனப்பதற்றத்துக்கும் சோர்வுக்கும் ஆளாகியிருப்பார்கள்.

இந்தப் பெயரின் பிறப்பில் ஒரு கறை உண்டு. வியன்னா பல்கலைக்கழகக் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944இல் நான்கு சிறுவர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஓராண்டு முன்பு அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கன்னர் 11 குழந்தைகளை விவரித்திருந்தார். இருவருக்கும் முன்பே, 1926இல், மாஸ்கோவின் குரூன்யா சுகரேவா ஆறு சிறுவர்களைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதிவிட்டார். அவருடைய பெயர் எந்த நோய்க்கும் சூட்டப்படவில்லை. ஆஸ்பெர்கரின் கட்டுரையும் ஆங்கில உலகில் அதிகம் பேசப்படாமலே கிடந்தது. 1981இல் லண்டன் மனநல மருத்துவர் லோர்னா விங் அதைத் தூசிதட்டி எடுத்து, தான் கண்ட 34 பேரின் விவரங்களோடு சேர்த்து எழுதினார். விங் ஆட்டிசம் உள்ள ஒரு மகளின் தாய். அவர் வழியாகத்தான் ஆஸ்பெர்கரின் பெயர் பரவி, உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் 1992இலும், அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 1994இலும் ஏறியது.

நிலைக்கவில்லை. 2013இல் அமெரிக்கக் கையேடு அந்தப் பெயரை நீக்கி எல்லாவற்றையும் ஆட்டிச நிறமாலை என்ற ஒரே குடைக்குள் கொண்டுவந்தது. அதுவரை ஓர் ஊரில் ஆஸ்பெர்கர் என்று சொல்லப்பட்ட பிள்ளைக்கு இன்னோர் ஊரில் வேறு பெயர் சொல்லப்பட்டது. மருத்துவர்களிடையே ஒருமை இருக்கவில்லை. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனப் பட்டியலும் அதே வழியில் போனது. இதற்கிடையே 2018இல் ஆஸ்திரிய வரலாற்றாசிரியர் ஹெர்விக் செக் வியன்னா ஆவணங்களைத் தோண்டி எடுத்தார். ஊனமுற்ற குழந்தைகளை நாஜி அரசு கொன்ற ஆம் ஷ்பீகல்குருண்ட் மருத்துவமனைக்கு ஆஸ்பெர்கர் குழந்தைகளை அனுப்பியதற்குச் சான்று கிடைத்தது. ஏறக்குறைய 800 குழந்தைகள் அங்கே இறந்தார்கள். புத்திக்கூர்மை உள்ள சிறுவர்களுக்காக வாதாடியவர், மற்றவர்களைக் கைவிட்டார். அதனால் இந்தப் பெயரைச் சொல்ல இன்று பலருக்கு மனம் வருவதில்லை. பல ஆண்டுகளாக இந்தப் பெயரால் தங்களை அறிந்துகொண்டவர்கள் சிலர் அதை விடவும் மாட்டார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது.

ராமானுஜன் விஷயத்துக்கு வருவோம். அவரைப் பற்றி இன்று உலகம் அறிந்திருப்பதில் ஒரு பெரும்பங்கு வடசென்னைப் பள்ளி ஒன்றிலிருந்து கிடைத்தது. முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன், ராமானுஜனோடு பழகியவர்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் நினைவுகளையும் கடிதங்களையும் திரட்டி 1968இல் நினைவு மலர்களாக வெளியிட்டார். இன்னும் சில ஆண்டுகள் தாமதித்திருந்தால் அந்த வாய்கள் மூடியிருக்கும். ராயபுரத்தில் 1993இல் திறக்கப்பட்ட ராமானுஜன் அருங்காட்சியகத்துக்கும் அவரே தூண்டுகோல். ராபர்ட் கனிகல் 1991இல் எழுதிய புகழ்பெற்ற வாழ்க்கை வரலாறு இந்தத் தொகுப்பின்மேல் நிறைய சாய்ந்திருக்கிறது. பின்னால் வந்தவர்களெல்லாம் கனிகலின்மேல் சாய்ந்தார்கள்.

அந்த நினைவுகளில் ஆட்டிசத்தைத் தேடுபவருக்குத் தீனி உண்டு. மூன்று வயதுவரை குழந்தை ஏறக்குறைய பேசவே இல்லை. வீட்டிலிருந்த பித்தளை, செம்புப் பாத்திரங்களையெல்லாம் எடுத்து ஒரு சுவரிலிருந்து மறுசுவர்வரை வரிசையாக அடுக்கும். விரும்பியது சாப்பிடக் கிடைக்காவிட்டால் மண்ணில் விழுந்து புரளும். பள்ளியில் ஒரு கணக்குத் தேர்வில் நண்பன் 45க்கு 43 வாங்க, தான் 42 வாங்கியதைத் தாங்க முடியாமல் அவனோடு பேச மறுத்தான். 1905இல், கல்லூரி உதவித்தொகை போன பிறகு, வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறினான். பின்னாளில் கேம்பிரிட்ஜில் தானே சமைத்து ஒரு விருந்து வைத்தபோது, இரண்டு முறை ரசம் வாங்கிக்கொண்ட பெண்கள் மூன்றாம் முறை வேண்டாம் என்றதும் எழுந்து வெளியே போனவர், ஆக்ஸ்போர்டில் போய்த் தங்கி, சில நாள் கழித்துத்தான் திரும்பினார்.

இந்தப் பக்கம் பார்த்தால் வேறு ஆள். அவருக்கு நண்பர்கள் ஏராளம். பசித்தபோது சோறு போட்டவர்கள், அறையில் இடம் கொடுத்தவர்கள், பெரிய மனிதர்களிடம் அழைத்துப்போனவர்கள். அவர் தனியன் என்றால் இத்தனை பேர் எங்கிருந்து வந்தார்கள்? சிரிப்புக் கதை சொல்ல ஆரம்பித்து, முடிக்குமுன் தானே சிரித்துக் குடுமி அவிழ்ந்து, அதை முடிந்துகொண்டே கதையைத் திரும்பச் சொல்வார் என்று பழகியவர்கள் நினைவுகூர்ந்தார்கள். அவரை யாரைவிடவும் நெருக்கமாகக் கவனித்த கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டி, விசித்திரங்கள் இருந்தாலும் சேர்ந்து தேநீர் குடித்தபடி அரசியலும் கணிதமும் பேசத்தக்க இனிய மனிதர் என்றுதான் அவரைப் பற்றிச் சொன்னார். ரசம் மறுக்கப்பட்டு எழுந்து போனதைச் சமூகக் குறிப்பு விளங்காத ஆட்டிசம் என்பதா, ஆசாரமான ஐயங்கார் வீட்டில் விருந்தோம்பல் கற்ற ஒருவர் பட்ட அவமானம் என்பதா? டப்ளினிலிருந்து பார்க்கும்போது முதலாவது தெரியும். கும்பகோணத்திலிருந்து பார்த்தால் இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1994ஆம் ஆண்டின் அமெரிக்க விதிப்படி, ஆஸ்பெர்கர் என்று சொல்ல வேண்டுமானால் குழந்தைப் பருவத்தில் பேச்சுத் தாமதம் இருந்திருக்கக் கூடாது. மூன்று வயதுவரை பேசாத பிள்ளைக்கு அந்த விதியின்கீழ் ஆட்டிசம் என்ற பெயர் கிடைத்திருக்கலாமே தவிர ஆஸ்பெர்கர் கிடைத்திருக்காது. ஆக, வாதத்துக்கு வலுச்சேர்க்கும் மிகப்பெரிய சான்றே அந்தப் பெயரைத் தட்டிவிடுகிறது. இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல முடியாது. சொல்லத் தேவையும் இல்லை.

சொல்ல வேண்டியது துறைமுகத்தைப் பற்றி. அலைகள் நேராக வந்து மோதும் கரை சென்னை. மசூலாப் படகுகளில் அலையைத் தாண்டிக் கப்பலுக்குப் போய்வந்த காலம் 1861இல் இரும்புத் தூண் பாலம் எழுந்ததும் மெல்ல முடிந்தது. 1870களில் தொடங்கிய துறைமுக வேலை முடியும் தறுவாயில் 1881 நவம்பர் புயல் வந்து சிதைத்தது. 1904இல் பொறுப்பேற்ற பொறியாளர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், கிழக்கு நோக்கி இருந்த வாயிலை மூடி வடகிழக்கில் புதுவாயில் அமைத்தார். கோதாவரிப் பாலப் பணியில் பங்கெடுத்தவர் அவர்; ஆற்றுப் போக்கைக் கட்டுப்படுத்துவது பற்றி நூலெழுதியவர். அவருக்கு வலக்கை எஸ். நாராயண ஐயர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் கணிதம் கற்பித்துவிட்டுத் துறைமுகத்துக்கு வந்த எம்.ஏ. பட்டதாரி, கணக்குப் பிரிவின் தலைவர், இந்தியக் கணிதக் கழகத்தின் உறுப்பினரும்கூட.

புதுக் குமாஸ்தாவுக்குக் கீழ்நிலைக் கணக்கு வேலை. அதை விரைவாக முடித்துவிட்டுத் தன் சூத்திரங்களுக்குள் போய்விடுவார். காகிதம் விலை அதிகம்; சரக்குச் சிப்பங்களைச் சுற்றி வந்த தாள்களைத் தேடி வேலை நேரத்தில் கப்பல் துறைப்பக்கம் அவர் அலைந்ததை ஒரு நண்பர் பார்த்திருக்கிறார். வேறு அலுவலகமானால் வேலைக்கு உலை வைக்க இது ஒன்றே போதும். இங்கே மேலதிகாரிகள் கண்டும் காணாமலும் இருந்தார்கள் என்று சொல்வதுகூடக் குறைத்துச் சொல்வதாகும். கண்டார்கள், கண்டு, இடம் விட்டார்கள்.

இரவானால் திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலையில் நாராயண ஐயர் வீட்டு மாடியில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்காருவார்கள். பலப்பம் தேயும் சத்தம் வீட்டாருக்குப் பழகிப்போனது. பத்துப் படி வேண்டிய இடத்தை ராமானுஜன் இரண்டே படியில் தாண்டுவார். நாராயண ஐயர் விட மாட்டார். எனக்கே விளங்கவில்லையென்றால் மற்றவர்களுக்கு எப்படி விளங்கும், என் மட்டத்துக்கு இறங்கி வா, பத்துப் படியையும் எழுது என்று வற்புறுத்துவார். தன் மனதில் இருப்பது எதிரில் இருப்பவர் மனதில் இல்லை என்பதை ஒருவருக்குப் பொறுமையாக, திரும்பத் திரும்ப, கோபமில்லாமல் காட்டிக்கொடுப்பது எளிதல்ல. ஆட்டிசம் உள்ள இளைஞர்களோடு வேலை செய்யும் பயிற்றுநர்கள் இன்று முயல்வதும் இதைத்தான். நாராயண ஐயருக்கு அது பயிற்சியில் வந்ததல்ல. கணக்கின்மேல் இருந்த ஆசையில் வந்தது, அந்த இளைஞன்மேல் இருந்த அன்பில் வந்தது.

ஜார்ஜ் டவுனில், சைவ முத்தையா முதலித் தெருவில் ஒரு சின்ன வீடு. 1912 கடைசியில் மனைவி ஜானகியும் அங்கே வந்து சேர்ந்தார். விடியும்வரை கணக்குப் போட்டுவிட்டு இரண்டு மூன்று மணி நேரம் தூங்கி எழுந்து அலுவலகம் போவார். கணக்கு நடுவில் அறுபடாதிருக்கச் சோற்றைப் பிசைந்து கையில் வைப்பார்களாம். ஆக, அலுவலகத்தில் ஓர் அரண், வீட்டில் ஓர் அரண்.

1913 ஜனவரி 16 தேதியிட்டு ஹார்டிக்குப் போன கடிதத்தில் தன்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவின் குமாஸ்தா என்றுதான் அவர் அறிமுகப்படுத்திக்கொண்டார். அடுத்த மாதம் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வந்தபோது ஸ்பிரிங் அவரைப் பிடித்து ராமானுஜனின் குறிப்பேட்டைப் பார்க்க வைத்தார். வாக்கர் மறுநாளே பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். 1913 மே முதல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை. தன் சார்பாகப் பேசத் தெரியாத ஒருவருக்காகப் பேசத் தெரிந்த இருவர் பேசினார்கள்.

இந்த அரண்களின் அருமை அவை இல்லாதபோது தெரிந்தது. 1914 மார்ச் 17 அன்று அதே துறைமுகத்திலிருந்து நெவாசா கப்பலில் ராமானுஜன் புறப்பட்டார். கேம்பிரிட்ஜில் ஈடிணையற்ற கணிதத் துணை கிடைத்தது. ஆனால் சோறு ஒழுங்கில்லை, உறக்கம் ஒழுங்கில்லை; போர் நடந்துகொண்டிருந்தது; குளிர். கம்பளிகளுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பதுகூடத் தெரியாமல் நடுங்கிக்கொண்டிருந்தவருக்கு நண்பர் மகலநோபிஸ்தான் படுக்கையை விரித்துக் காட்ட வேண்டியிருந்தது. ஹார்டி தினமும் பார்த்தார். பேசியது பெரும்பாலும் கணிதம்தான். உடல் நொடிந்து, மனமும் நொடிந்து, 1918இல் லண்டன் சுரங்க ரயில் தண்டவாளத்தில் விழுந்து அரும்பொட்டில் பிழைத்தார். அதே ஆண்டில்தான் ராயல் சொசைட்டியின் உறுப்பினரும் ஆனார். 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் இறந்தபோது வயது 32.

இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது. ராமானுஜனுக்குத் திறந்த கதவுகள் பெரும்பாலும் சாதியும் ஆங்கிலப் படிப்பும் பூட்டிவைத்திருந்த கதவுகள். அக்ரகாரத்து நண்பர்களின் சங்கிலி ஒன்று கும்பகோணத்திலிருந்து துறைமுகம்வரை நீண்டது. அதே காலத்தில் ராயபுரத்தில் ஒரு மூட்டைக் கூலியின் வீட்டிலோ, திருவொற்றியூரில் ஒரு மீனவர் குப்பத்திலோ, பாத்திரங்களை வரிசையாக அடுக்கிக்கொண்டு பேசாமல் இருந்த பிள்ளை என்ன ஆனது? எந்த ஏட்டிலும் இல்லை. கோயிலில் காசு முடிந்து போட்டிருப்பார்கள், தர்காவில் மந்திரித்திருப்பார்கள், முரண்டு அதிகமானால் கீழ்ப்பாக்கம் மனநோய் மருத்துவமனை. துறைமுகச் சுவரும் இப்படித்தான் பங்கு பிரித்தது: வடக்கே நகரும் மணலைத் தடுத்துத் தெற்கே மெரினாவை அகலமாக்கி, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்க் கரைகளைக் கடலுக்குத் தின்னக் கொடுத்தது.

அந்தப் பிள்ளைகளின் வழித்தோன்றல்களுக்குச் சட்டம் மிகத் தாமதமாக வந்தது. 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழு வகைகள் இருந்தன, ஆட்டிசம் இல்லை. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் முதன்முறையாக அதைச் சேர்த்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளில் ஒன்றாக வைத்து, அரசு வேலையில் 4 விழுக்காடு ஒதுக்கீட்டுக்குள் ஒரு விழுக்காட்டை ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் உள்ளவர்களுக்கும் பன்முகக் குறைபாடு உள்ளவர்களுக்கும் சேர்த்துக் கொடுத்தது. சலுகை பெற 40 விழுக்காடு குறைபாடு என்று மருத்துவக் குழு சான்று தர வேண்டும். சரளமாகப் பேசும், பட்டம் வாங்கிய ஒருவர் தன் நாள் எப்படிச் சிதைகிறது என்பதை ஒரு மேசைக்கு முன் உட்கார்ந்து நிரூபிப்பது மிகக் கடினம்.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் போய்ப் பிள்ளைகளைப் பார்க்கின்றன. அவர்கள் தேடும் நிலைகளில் ஆட்டிசமும் உண்டு. திட்டம் 18 வயதோடு முடிகிறது. ஆஸ்பெர்கர் வகைப்பட்டவர்களின் துன்பம் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் முற்றுகிறது: கல்லூரி விடுதி, நேர்முகத் தேர்வு, கல்யாணப் பேச்சு, மேலாளரின் சாடை. வடசென்னையில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் இரவும் பகலும் கன்டெய்னர் லாரிகள், காசிமேட்டின் மீன் வாடை, சாவு ஊர்வலத்தின் மேளமும் பட்டாசும். ஒலியும் வாடையும் மற்றவர்களைவிடப் பல மடங்கு உறைக்கும் ஒருவருக்கு வீட்டு வாசலைத் தாண்டுவதே ஒரு நாள் வேலைக்குச் சமம். அக்கம்பக்கத்தார் அவனைத் திமிர் பிடித்தவன் என்பார்கள். அவளை யாரோடும் ஒட்டாதவள் என்பார்கள்.

வேலை கொடுத்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். தன் மகனுக்கு ஆட்டிசம் என்று அறிந்த டென்மார்க் தந்தை தோர்கில் சொன்னே, 2004இல் ஆட்டிசம் உள்ளவர்களை மென்பொருள் சோதனைக்கு அமர்த்தும் ஸ்பெஷலிஸ்டர்ன் நிறுவனத்தைத் தொடங்கினார். எஸ்ஏபி நிறுவனம் 2013இல் அதே வகைத் திட்டத்தைப் பெங்களூரிலும் நடத்தியது. மென்பொருள் மட்டும்தான் இவர்களுக்கு என்பதில்லை. சரக்கு எண்ணும் டேலி, கப்பல் ஆவணம் சரிபார்த்தல், உதிரிப்பாகத் தரச்சோதனை என்று துறைமுகமும் எண்ணூர்த் தொழிற்சாலைகளும் நிறைந்திருப்பதே ஒரு புள்ளி தவறினாலும் கண்ணில் படும் ஆட்கள் வேண்டிய வேலைகளால்தான். எல்லோரும் ராமானுஜன் ஆக வேண்டிய கட்டாயமும் இல்லை. மாதச் சம்பளம் வாங்கும் நல்ல குமாஸ்தாவாக இருந்தால் போதும், அந்த வாழ்க்கை முழுமையானதே.

2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, ஒவ்வோர் அரசு நிறுவனமும் தன் மாற்றுத்திறனாளி ஊழியருக்கு உரிய வசதிகளைச் செய்துதர வேண்டும் என்கிறது. இன்று சென்னைத் துறைமுக ஆணையம் என்று பெயர் மாறியிருக்கும் பழைய துறைமுகக் கழகத்துக்கும், 2001இல் எண்ணூரில் செயல்படத் தொடங்கிய காமராஜர் துறைமுகத்துக்கும் அது பொருந்தும். சாய்வு தளம், அகலக் கதவு என்றால் அதிகாரிகளுக்கு உடனே விளங்குகிறது. ஆஸ்பெர்கர் உள்ள ஒருவருக்கு வேண்டியவை வேறு: சத்தம் குறைந்த மூலையில் ஒரு மேசை, வாய்மொழியாக அல்லாமல் எழுத்தில் உத்தரவு, இருக்கையோ வேலை நேரமோ மாறுவதானால் முன்கூட்டியே ஒரு சொல், காதுக்கு ஒலியடைப்பான், நேர்முகத் தேர்வுக்குப் பதில் ஒரு வாரம் வேலை செய்து காட்டும் வாய்ப்பு, விளங்காததைச் சலிக்காமல் கேட்கவும் சொல்லவும் அதே பிரிவில் ஒரு மூத்தவர். கடைசியாகச் சொன்ன ஒருவரைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். மற்றவற்றை ஒரு சுற்றறிக்கையில் முடித்துவிடலாம்.